பத்திரமாக அனுப்பப்பட்ட மூக்குக்கண்ணாடி

மீட்டரின் மூக்குக்கண்ணாடி மேல் சமையல்காரர் உட்கார்ந்தது யார் குற்றம் என்பது வெகுநாள் தீராத வழக்காக இருந்தது. நாற்காலி உட்காருவதற்காகச் செய்யப்பட்டது என்பது சமையல்காரர் கட்சி. உட்காருவதற்கு முன்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் உயிர் போய்விடாது என்பது மீட்டர் கட்சி. மலை உச்சியில் இருந்த அந்த வானிலை நிலையத்தில் இவர்கள் இருவரையும் விட்டால் வேறு ஆள் கிடையாது. பஞ்சாயத்துக்கு மூன்றாவது மனிதன் இல்லாததால் வழக்கு வாய்ச்சண்டையாக நின்றது. பிறகு வாயும் நின்றுபோய், வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

மீட்டர் என்பது கீழே சாமான் அனுப்பும் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர். எதைக் கேட்டாலும் புள்ளி வைத்துத்தான் பதில் சொல்வார். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டவரிடம் அதன் சூட்டை எண்ணாகச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவர் அந்தக் கதையை மறுத்ததில்லை. எண்ணைத்தான் திருத்தினார். காலையிலும் மாலையிலும் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் படித்து, வயர்லெஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. விமானம் ஓட்டுகிறவர்களும் படகு எடுக்கிறவர்களும் அந்த எண்களை நம்பித்தான் கிளம்புவார்கள். தலை நரைக்கும் வரை அதையே செய்தவர். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, பிடிக்காது.

மாற்றுக் கண்ணாடி ஒன்று இருந்தது. உடைந்தது அதுதான். அசல் கண்ணாடி போன குளிர்காலத்திலேயே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் மீட்டருக்குக் கிட்டத்திலும் தெரியாது, தூரத்திலும் தெரியாது. ஈரத்தாளில் எழுதிய மை மாதிரி உலகம் ஊறிப்போய் நின்றது. கண்ணாடித் தம்ளரின் அடிப்பக்கத்தை வைத்துப் படித்துப் பார்த்தார். ஒரு முள் இருந்த இடத்தில் இரண்டு தெரிந்தன. இரண்டில் எது சரி என்று தம்ளர் சொல்லவில்லை.

ஆக, கண்ணாடியின் மேல் உட்கார்ந்தவரையே கண்ணாக வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதை வெளியில் சொல்ல முடியாது. கண் மங்கிய கண்காணிப்பாளரைக் கீழே இறக்கி, டிப்போவின் பார்சல் பிரிவில் உட்கார வைப்பது தலைமை அலுவலகத்தின் வழக்கம். பார்சல் பிரிவுக்குத் தலைவர் மீட்டரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மச்சான் கெட்டவரில்லை. அதுதான் பிரச்சினையே. சாப்பிட்டீர்களா என்பார், சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டீர்கள் என்பார். முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து செருகுவார். ஜன்னலைச் சாத்துவார். அப்படி ஒரு அன்புக்குக் கீழே ஓய்வு பெறும் வரை வேலை பார்ப்பதை நினைத்தால் மீட்டருக்கு மலை உச்சிக் குளிரிலும் வியர்த்தது.

ஆனால் கண்ணாடியை அனுப்ப வேண்டியதும் அதே மச்சான்தான். சாமான் எல்லாம் டிப்போவிலிருந்து வாரம் ஒரு பெட்டியாகச் சிறு விமானத்தில் வந்து, பாராசூட்டில் இறங்கும். ஹெலிகாப்டர் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். மீட்டர் வயர்லெஸ்ஸில் மச்சானைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, இது நம் குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்றார். மச்சான் உருகிப்போனார். குடும்பம் என்ற சொல் அவரை எப்போதும் உருக்கும். அக்காவிடம் கண் டாக்டர் எழுதிய பழைய சீட்டை வாங்கி, அதே பவரில் உடனே செய்து, அடுத்த பெட்டியிலேயே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"பத்திரமா அனுப்பு மச்சான்."

"அத நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க."

கவலைப்பட வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் சமையல்காரர் கருவி படித்தார். காலையில் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கருவி அறைக்குள் போய் நின்று உரக்கச் சொல்வார். மீட்டர் பக்கத்து அறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். தன் கருவிகளுக்கு முன்னால் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கமே அவர் போவதில்லை. வெப்பம் நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றழுத்தம்தான் எழுநூறு. முதல் நாளும் எழுநூறு, மறுநாளும் எழுநூறு, அதற்கடுத்த நாளும் அதே.

மீட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பைக் கையளவாகவும் தண்ணீரைக் கண்ணளவாகவும் போடுகிற மனிதர் இவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த எழுநூறு, முழுசாக, முனை மழுங்கி, உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

"முள்ளு கொஞ்சம்கூட நகரலயா?"

"நகரல சார்."

"வெளிய காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. எப்படி நகராம இருக்கும்?"

"அத முள்ளுகிட்ட கேளுங்க."

சண்டைக்கு முன்னால் சமையல்காரர் அவரை அண்ணே என்பார். சார் என்பது உடைந்த கண்ணாடிக்குப் பிறகு வந்த மரியாதை.

முதல் பெட்டி வந்த காலையில் இருவரும் வெளியே சமதளத்தில் நின்றார்கள். விமானத்தின் சத்தம் கேட்டு, பிறகு அகன்றது. பாராசூட் விரிந்த பட்டென்ற ஒலியும் கேட்டது. அடுத்து ஒரு நிதானமான இடைவெளி வர வேண்டும். மீட்டருக்கு அந்த இடைவெளி பழக்கம். அதற்குள் ஒரு கொட்டாவி விடலாம். இந்தத் தடவை கொட்டாவி பாதியில் இருக்கும்போதே டமார் என்றது.

கோதுமை மாவு மூட்டை வெடித்து, சமையல்காரர் தலை முதல் கால் வரை வெளுத்து நின்றார். பெட்டியின் ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே துழாவியதில் கனத்த போர்வை ஒன்று வந்தது. பூட்ஸ் ஒரு ஜோடி, வார இதழ்க் கட்டு ஒன்று, பிரஷர் குக்கர் ஒன்று. இவை எதையும் இவர்கள் கேட்டிருக்கவில்லை. போர்வைக்குள் கண்ணாடிக் கூடு இருந்தது. கூட்டுக்குள் ஒரு சட்டமும் சில்லுகளும் இருந்தன.

வயர்லெஸ்ஸில் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. டிப்போவில் பெட்டியை முதலில் எடை போடுவார்கள். பாராசூட்டின் வாரில் அச்சடித்த அளவுக்குள் எடை இருந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். மூடி போட்டு ஆணி அடிப்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான். இடைப்பட்ட நேரத்தில் மலை மேல் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து ஆளுக்கு ஒன்று உள்ளே செருகுவது டிப்போவில் வெகுநாள் பழக்கம். வழக்கமாக அது ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு சோப்பு என்ற அளவில் இருக்கும். இந்தத் தடவை மீட்டருக்குக் கண் போய்விட்டது என்று மச்சான் குடும்பத்துக்குள் சொல்லியிருந்தார். டிப்போவில் எல்லோரும் குடும்பம்தான். போர்வை மீட்டரின் மனைவியுடையது, பூட்ஸ் லாரி டிரைவருடையது, இதழ்கள் ஸ்டோர்கீப்பருடையது. கண் போனவருக்கு எதற்கு வார இதழ் என்று ஸ்டோர்கீப்பரிடம் யாரும் கேட்கவில்லை. குக்கர் மச்சானே வைத்தது.

பெட்டி கனத்தால் வேகமாக விழும், கண்ணாடி உடையும், எடையைக் குறையுங்கள் என்றார் மீட்டர். மச்சான் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

"கனமானதும் லேசானதும் ஒரே வேகத்துலதான் விழும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களே மாமா?"

"அது காத்து இல்லாத எடத்துல."

"சரி."

"இங்க காத்து இருக்கு. காத்த நம்பித்தானே பாராசூட் குடையே விரிக்கறோம்."

மச்சான் சரி என்றார். அவர் சரி என்ற விதத்தில், மாமா நொந்துபோயிருக்கிறார், இந்த நேரத்தில் எதிர்த்துப் பேச வேண்டாம் என்ற பெருந்தன்மை இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்து அவர் மனதில் தங்கிய விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. பெட்டி வேகமாக விழுந்ததற்குக் காற்றின் கோளாறு காரணம், கண்ணாடி உடைந்ததற்குப் போர்வை போதாதது காரணம் என்று முடிவு செய்தார்.

ஆகவே இரண்டாவது கண்ணாடியை இரும்புப் பெட்டியில் வைத்தார். லாரிக்கு உதிரி சாமான் வைக்கிற பெட்டி. தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே தார்ப்பாயை மடித்து மடித்துத் திணித்தார். போன தடவை மாவு வீணானதற்குப் பரிகாரமாக இரண்டு மடங்கு மாவு வைத்தார்கள். போர்வை கிழிந்திருக்குமோ என்று மீட்டரின் மனைவி இன்னொரு போர்வை கொடுத்திருந்தாள்.

அன்று மீட்டருக்குக் கொட்டாவி விட வாயைத் திறக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. தரை ஒரு குலுங்கு குலுங்கியது. சமையலறைப் பரணிலிருந்து ஒரு தட்டு விழுந்து உருண்டு, தானாகவே நின்றது.

இரும்புப் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. தார்ப்பாய்க்கும் ஒன்றுமில்லை. கண்ணாடிக் கூட்டை மீட்டர் காதருகே வைத்து ஆட்டினார். உப்பு டப்பாவை ஆட்டுகிற சத்தம் வந்தது.

"நல்ல பெட்டி" என்றார் சமையல்காரர். இரும்புப் பெட்டியைச் சொன்னார். அதைப் பிறகு விறகு போட வைத்துக்கொண்டார்.

அன்று மாலை தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரியே பேசினார். உங்கள் மலையில் மட்டும் காற்றழுத்தம் நாள் கணக்காக எழுநூறாகவே இருக்கிறதே, என்ன விசேஷம் என்று கேட்டார். கருவி கெட்டிருக்கலாம், அல்லது படிக்கிறவர் கெட்டிருக்கலாம். ஹெலிகாப்டர் கிடைத்ததும் நேரில் வருகிறேன், படிக்கிறவர்தான் காரணம் என்றால் அதிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மீட்டர் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார். நாளைக்காவது ஒழுங்காகப் பார்த்துப் படிக்கும்படி சொன்னார். சமையல்காரர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பார்த்துத்தான் படிக்கிறேன் என்றார். பொய் சொல்வதற்கு எனக்கு யாரும் கூடுதல் சம்பளம் தரவில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் காலை எழுநூறு.

மூன்றாவது முறை மீட்டர் மச்சானிடம் விளக்கமாகவே பேசினார். கோபத்தை அடக்கிக்கொண்டு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். குடை ஒரே அளவுதான். கீழே இழுப்பது எடை, மேலே தாங்குவது காற்று. வேகம் கூடக்கூடக் காற்று அதிகமாக எதிர்க்கும். இரண்டும் சமமாகும் வேகத்தில்தான் பெட்டி வந்து இறங்கும். எடை கூடினால், காற்று அதைத் தாங்குவதற்குள் வேகமும் கூடிவிடுகிறது. நாலு மடங்கு எடை வைத்தால் இரண்டு மடங்கு வேகத்தில் வந்து மோதும். கண்ணாடி உடையாமல் இருக்க நீ சுற்றுகிற ஒவ்வொரு போர்வையும் கண்ணாடியை உடைக்கிறது.

கடைசி வாக்கியம் மச்சானைக் குத்திவிட்டது. தான் செய்த உபகாரமே உபத்திரவமாகிவிட்டது என்று அக்காவிடம் சொல்லி வருந்தினார். எடைதானே எமன், இனி எடையே வேண்டாம் என்று தீர்மானித்தார்.

அந்த வாரம் காற்று ஓரளவு அடங்கியிருந்தது. விமானம் வந்தது, போனது. பாராசூட் விரிந்தது. மீட்டர் கொட்டாவி விட்டார். முழுசாக விட்டு முடித்தார். இன்னொன்றும் விட்டார். எதுவும் விழவில்லை.

"எங்க இருக்கு?"

சமையல்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலயே இருக்கு சார்."

"எவ்ளோ மேல?"

"கொடிக்கம்பம் மாதிரி ஒரு பத்து கம்பம். பெட்டிய காணோம். கீழ ஏதோ சின்னதா தொங்குது. செருப்பு டப்பா மாதிரி."

அது செருப்பு டப்பாவேதான். அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கண்ணாடிக் கூடு, கூட்டுக்குள் கண்ணாடி. வேறு ஒன்றும் கிடையாது. ஒரு மூட்டை சாமானைத் தாங்குகிற குடையில் மச்சான் ஒரு செருப்பு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். விமானத்துக்கு வாரம் ஒரு பெட்டிதான் கணக்கு என்பதால் அந்த வாரத்துச் சாப்பாட்டுச் சாமானும் வரவில்லை.

மீட்டர் வானத்தை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டார். சமையல்காரர் விரலை நீட்டி, அது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, வாயால் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. தொட்டியைத் தாண்டிவிட்டது. சாயவில்லை, ஆடவில்லை, நிமிர்ந்து போகிறது. ஒரு கம்ப உயரம் இறங்கியது; இப்போது காற்று அதை அரைக் கம்பம் மேலே தூக்கிவிட்டது. குடையின் ஓரத்தில் ஒரு கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது. வெயில் பட்டு டப்பாவின் ஒரு முனை மின்னுகிறது, ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள் போல.

சொல்லிக்கொண்டே சமையல்காரர் ஓட ஆரம்பித்தார். மீட்டர் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஒரு கல் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினார். சமதளம் முடிகிற இடத்தில் சமையல்காரர் நின்று, பின்னால் வந்தவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அதற்கு மேல் பள்ளத்தாக்கு.

"இப்ப?"

"பள்ளத்துக்கு மேல போகுது."

"எறங்குதா?"

"எறங்குது. ஆனா அதுக்கு ஒரு அவசரமும் இல்ல சார்."

இருவரும் வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் ஒரு மேகத்துக்குள் போய்விட்டதாகச் சமையல்காரர் சொன்னார். மேகத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வரவில்லை என்றும் சொன்னார். அதுவரை உடையாமல் முழுசாக வந்த கண்ணாடி அது ஒன்றுதான்.

திரும்பி நடக்கும்போது மீட்டர் முறுக்கிய கயிற்றையும் மின்னிய முனையையும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பார்க்கிற கண், முள்ளைப் பார்த்தால் மட்டும் ஏன் மழுங்கிப்போகிறது? மாலையில் சமையல்காரர் கருவி அறையிலிருந்து எழுநூறு என்றபோது முதல்முறையாக அவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. கோபமே தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு. அவித்ததும் சுட்டதும், பிறகு சுட்டு அவித்ததும். சமையல்காரர் தட்டை வைக்கும்போதெல்லாம், கண்ணாடிக்காகச் சோற்றை விட்ட மகராசன் உங்கள் மச்சான் ஒருத்தர்தான் என்றார்.

நாலாவது பெட்டிக்கு அவர் மச்சானை நம்பவில்லை. மனைவியை டிப்போவுக்கு வரச்சொல்லி வயர்லெஸ்ஸில் பேசினார். அவளும் முதலில் தம்பிக்குப் பரிந்துதான் பேசினாள். ஒரு போர்வைதானே வைத்தேன் என்றாள். அது ஒரு போர்வைதானே, இது ஒரு குக்கர்தானே என்று ஆளுக்கொரு தானேயாகச் சேர்ந்து வந்து மண்டையில் விழுகிறது என்றார் மீட்டர்.

"கண்ணு தெரியலன்னா கீழ வந்துடுங்களேன். தம்பிகூடவே இருக்கலாம்ல."

"அதுக்குத்தான் கண்ணாடி கேக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியோடு ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த அன்பு என்ன கனம் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். வழக்கமான சாமானுக்கு நடுவில் கண்ணாடி இருக்கட்டும், எதுவும் கூட வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றார். முக்கியமாக, ஆணி அடித்த பிறகு எடை போட வேண்டும்.

அவள் அப்படியே செய்தாள். ஆணி அடித்து முடிந்ததும் பெட்டியைத் தராசில் ஏற்றவைத்தாள். கனம் கூடுதலாகக் காட்டியது. மூடியைக் கழற்றச் சொல்லி, ஸ்டோர்கீப்பர் முகத்துக்கு நேராக ஒரு ஊறுகாய் ஜாடியையும் டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு சுத்தியலையும் வெளியே எடுத்து வைத்தாள். தம்பி வைத்த தலையணையை அவர் கையிலேயே கொடுத்தாள். மறுபடி ஆணி அடித்து, மறுபடி எடை போட்டு, விமானத்தில் ஏறும் வரை பெட்டியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, பெட்டியும் வந்தால் வருகிறேன் என்றாளாம்.

பட்டென்று குடை விரிந்தது. மீட்டர் கொட்டாவி விட்டார். அது முடிந்து வாயை மூடிய நேரத்துக்குத் தொப் என்றது. பழைய, பழகிய, நிதானமான தொப்.

கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் தெரிந்தது சமையல்காரர் முகம். சவரம் செய்யாமல், இளைத்துப்போய், கொஞ்சம் பயந்தும் இருந்தது. மீட்டர் நேராகக் கருவி அறைக்குப் போனார். சமையல்காரர் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார்.

காற்றழுத்தமானி சுவரில் இருந்தது. மீட்டர் அதன் முன் நின்று, எப்போதும் நிற்கிற மாதிரி ஒரு காலைச் சாய்த்து, முகத்தைக் கொண்டுபோனார். முள் எழுநூறில் இருந்தது. முனை மழுங்காத, அப்பட்டமான எழுநூறு. சமையல்காரர் ஒரு நாளும் பொய் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் அவர் கை தானாக எழுந்து, விரல் முட்டியால் கருவியின் கண்ணாடியை லேசாக இரண்டு தட்டு தட்டியது. முள் துள்ளி விழித்து, தடதடவென்று இறங்கி, வெகு கீழே போய் நின்றது.

"எதுக்கு சார் தட்டினீங்க?"

"தட்டித்தான் பாக்கணும். பழைய கருவி. முள்ளு ஒட்டிக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

சமையல்காரர் கருவியைப் பார்த்தார். பிறகு மீட்டரின் விரலைப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

சொல்லவில்லைதான். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. தான் தட்டுவது மீட்டருக்கே நினைவில் நின்றதில்லை. கதவைத் திறக்குமுன் தாழ்ப்பாளை நீக்குகிறோம் என்று யாராவது நினைத்துக்கொண்டா நீக்குகிறார்கள்? எத்தனையோ வருஷமாகக் கை அதுபாட்டுக்குத் தட்டியது, கண் அதுபாட்டுக்குப் படித்தது. கண்ணை மட்டும் இரவல் வாங்கி, கையை விட்டுவிட்டார்.

மீட்டர் வயர்லெஸ்ஸில் உண்மையான எண்ணைச் சொன்னார். முள் இவ்வளவு இறங்கியிருந்தால் பெரிய காற்று வரும் என்று அர்த்தம். படகு எதுவும் கிளம்ப வேண்டாம் என்றார். அன்று இரவு அந்தக் காற்று வந்து, கூரைத் தகடு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போனது. படகுகள் கரையிலேயே கிடந்தன.

காற்று ஓய்ந்த பிறகு ஹெலிகாப்டரில் மேலதிகாரி வந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார். பைலட் இயந்திரத்தை நிறுத்தாமலே வைத்திருந்ததால் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. மேலதிகாரி கருவியைப் படிக்கச் சொன்னார். மீட்டர் தட்டினார், படித்தார், புள்ளிக்கு அப்புறம் வருவதையும் சொன்னார். மேலதிகாரி தன் கையில் கொண்டுவந்திருந்த சிறு கருவியில் சரிபார்த்துத் தலையசைத்தார். அப்புறம் கேட்டார்.

"அப்ப அந்த எழுநூறு யாரு படிச்சது?"

மீட்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நான் என்றால், தட்டிப் பார்க்காத சோம்பேறி என்று கீழே இறக்குவார்கள். சமையல்காரர் என்றால், கண் தெரியாமல் மறைத்தவர் என்று கீழே இறக்குவார்கள். எப்படிப் பார்த்தாலும் கீழே தலையணையோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் படிச்சேன் சார்" என்றது நிலைப்படியிலிருந்து சமையல்காரர் குரல். "அண்ணன் கண்ணாடி மேல நான் உக்காந்துட்டேன்."

அந்த வழக்கில் எதிர்த்தரப்பு இப்படி ஒப்புக்கொண்டது மீட்டர் எதிர்பாராதது.

"நாற்காலியில வச்சது நான்" என்றார் அவரும்.

மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெலிகாப்டர் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. திரும்பிப் போகும் பயணத்தை நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே வந்து வேலை பார்க்க இன்னொருவர் கிடைப்பாரா என்று கிளம்புமுன் கேட்டுப் பார்த்தேன் என்றார். கேட்ட எல்லோருக்கும் அன்றைக்கே முழங்கால் வலி வந்துவிட்டதாம். எனவே இருக்கிறவரே இருக்கட்டும், இனிமேல் கண்ணாடி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் நாற்காலியில் வைக்காதீர்கள் என்றார். மீட்டருக்கு உயிர் வந்தது. அது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

ஏணியில் ஏறப்போன மேலதிகாரி ஏதோ நினைவு வந்து திரும்பினார். இப்படித் தட்டித் தட்டிப் படிப்பதெல்லாம் சரிப்படாது; புதுக் காற்றழுத்தமானி ஒன்று வாங்கியிருக்கிறோம், ரொம்ப நுட்பமான கருவி, லேசாக அதிர்ந்தாலே போச்சு என்றார். ஹெலிகாப்டர் இனி எப்போது கிடைக்குமோ தெரியாது. அதனால் அடுத்த வாரப் பெட்டியில் வந்துவிடும். பார்சல் பிரிவில் விசேஷமாகச் சொல்லியிருக்கிறேன், அவர் உங்கள் மச்சானாமே, கவலையே வேண்டாம், தன் உயிர் மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஹெலிகாப்டர் கண்ணுக்கு மறையும் வரை இருவரும் நின்றார்கள். இப்போது மீட்டருக்கும் அது தெரிந்தது.

"போயி பேசுங்கண்ணே" என்றார் சமையல்காரர். "இப்பவே அந்தாளு போர்வை தேட ஆரம்பிச்சிருப்பாரு."

மீட்டர் ஏற்கெனவே வயர்லெஸ் அறைக்கு நடந்துகொண்டிருந்தார். டிப்போ கிடைத்ததும் மச்சான் குரல் தழுதழுத்து வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டது.

"மச்சான், நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோ" என்றார் மீட்டர். "பத்திரமா மட்டும் அனுப்பிடாத."